இலை வாடாத தையல்

அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, புழல் ஏரி ஆகிய மூன்று நீர்நிலைகளுக்கு இடைப்பட்ட கள்ளிக்குப்பம் போன்ற புறநகர்ப் பகுதிகளில், காட்டுயிர்களைக் காண ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டிச் செல்ல வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அங்கு வந்து வாழும் பறவைகளின் நிறத்தையும் குரலையும் ரசிப்போர் பலர். அவை கூடு கட்டும் திறத்தை, ஒரு சேலையின் நெசவை மதிப்பிடும் கண்ணோடு பார்ப்போர் சிலரே. அவ்வாறு பார்ப்பவருக்கு, இக்கூடுகளின் சிறப்பு அவற்றின் வடிவத்தில் இருப்பதைக் காட்டிலும், எடுத்துக்கொண்ட பொருளின் பதம் அறிந்து, அதன் இயல்பு கெடாமல் வேலை வாங்கும் பக்குவத்தில் இருப்பது விளங்கும்.

இதற்கு முதற்சான்று தையல்சிட்டு. சிட்டுக்குருவியினும் சிறிய, இலைப்பச்சை முதுகும் செம்பழுப்பு உச்சியும் கொண்ட இப்பறவை, வாலை நிமிர்த்தியபடி செடிக்குச் செடி தாவும். உருவத்துக்கு மீறிய உரத்த குரல் அது இருக்கும் செடியைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆனால் கூடு எளிதில் கண்ணில் படாது. பெண் பறவை, காம்போடு பசுமையாக நிற்கும் அகன்ற இலை ஒன்றைத் தேர்ந்தோ, சிறிய இலைகள் சிலவற்றைச் சேர்த்தோ, விளிம்புகளில் அலகால் துளையிட்டு, பஞ்சிழை, தாவர நார், சிலந்தி நூல் ஆகியவற்றை அத்துளைகளின் வழியே இழுத்துப் பை போல் இணைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பறவையியலர் ஜெர்டான், இப்பறவை முடிச்சுப் போடுவதாக எழுதினார். பின்னாளில் கூர்ந்து ஆராய்ந்தவர்கள் முடிச்சு ஏதும் இல்லை என்று கண்டனர். துளைக்கு வெளியே வந்த இழையின் நுனி பிசிர்ந்து சிறு உருண்டையாக விரிய, அந்த விரிவே இழை பின்வாங்காமல் தடுக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் இரு தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டின் தலை செய்யும் வேலையும் இதுவேயாகும். துளைகள் மிக நுண்ணியவை என்பதால் விளிம்பு பழுப்பதில்லை. இலை செடியிலேயே பச்சையாக நிற்கிறது. இலைகளின் மேற்புறம் வெளிப்பக்கமாக அமைவதால், கூடும் மற்ற இலைகளுள் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. தைத்த தடம் தெரியாதிருப்பதே நல்ல தையலுக்கு இலக்கணம் என்றால், இதனினும் தேர்ந்த தையல் அரிது.

தூக்கணாங்குருவியின் கலை வேறு வகையது; இங்கு தொழிலாளி ஆண் பறவை. அது நெல் அல்லது புல்லின் தாளிலோ பனையோலையிலோ ஓரிடத்தில் அலகால் வெட்டி, வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு பறக்க, 20 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள நார் கிழிந்து வருகிறது. பச்சையாக இருக்கையில் வளைந்து கொடுக்கும் அந்நார், பின்னப்பட்டு உலர்ந்தபின் விறைத்து வடிவத்தைக் காக்கும். கூடு பாதி முடிந்து, கவிழ்த்த கிண்ணத்தின் குறுக்கே ஒரு பட்டை ஓடுவது போன்ற தோற்றம் பெறும் கட்டத்தைப் பறவையியலர் ‘ஹெல்மெட்’ நிலை என்பர். அந்நிலையில்தான் பெண் பறவைகள் வந்து பரிசோதிக்கின்றன; அவற்றுள் ஒன்று ஏற்றுக்கொண்ட பிறகே முட்டையறையும் நீண்ட நுழைகுழாயும் நிறைவு பெறும். முழுக் கூட்டுக்கு ஏறத்தாழ 18 நாள்களும், 500 நடை வரையான உழைப்பும் செல்கின்றன. 1930இல் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடற்கரை ஊரில் இதனை நாள்தோறும் கவனித்த சாலிம் அலி, ஒரு கூடு ஏற்கப்பட்டதும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையைத் தேடும் வழக்கத்தை வெளிப்படுத்தினார். ஆக, இக்கலையில் ரசிகரின் தீர்ப்பு, படைப்பு முடிவதற்கு முன்பே வந்துவிடுகிறது. நெடிய பனையில் இக்குருவி தொடுத்த கூட்டின் சிக்கலை உவமையாக்கும் பாடல் குறுந்தொகையில் (374) இருப்பது, தமிழர் இதனை எத்தனை காலமாக உற்றுநோக்கி வந்துள்ளனர் என்பதைக் காட்டும்.

பனை உழவாரன் என்னும் பறவை நெசவும் அறியாது, தையலும் அறியாது. ஆயினும் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் பனையோலையின் அடிப்புறத்தில் ஒட்டி, முட்டைகளையும் அவ்வெச்சிலாலேயே பொருத்திவிடுவதால், காற்றில் ஓலை எவ்வளவு ஆடினாலும் அவை விழுவதில்லை. தேன்சிட்டோ, சிலந்தி நூலால் பிணைத்த பையை வீட்டுக் கொடியிலோ கம்பியிலோ தொங்கவிட்டு, வாயிலின் மேல் சிறு இறவாரமும் வைத்து, பட்டைத் துண்டுகளையும் சருகையும் புறத்தே ஒட்டுகிறது. அதனால் கூடு, காற்றில் சிக்கிய குப்பையாகத் தோன்றித் தப்பிக்கிறது.

இவை அனைத்தும் பொருளைச் சார்ந்த கலைகள். 1964இல் தொழிற்பேட்டை உருவானபின் அம்பத்தூர் வட்டாரத்தில் வயல்களும் பனைகளும் குறைந்து வீடுகள் பெருகியதால், நெசவாளியான தூக்கணாங்குருவி நார் கிடைக்கும் நீர்க்கரைகளை நாட வேண்டியதாயிற்று. இலை ஒன்றும் நூல் சிறிதும் போதும் தையல்சிட்டோ தொட்டிச் செடியிலும் நிலைத்துவிட்டது. ஆகவே இக்கலையைப் போற்றுதல் பார்ப்பதோடு முடிவதில்லை. கூடுள்ள செடியைக் குஞ்சுகள் பறக்கும்வரை கத்தரிக்காமல் விடுவதும், மூலையில் படிந்த சிலந்தி வலையைச் சிறிது பொறுத்துக்கொள்வதும், மனையில் நிற்கும் ஒற்றைப் பனையை வெட்டாமல் வைப்பதும், கலைஞருக்கு மூலப்பொருளை அளிக்கும் செயல்களே. இவற்றைச் செய்யும் வீட்டாரே இக்கலையின் உண்மையான புரவலர்கள்.