மடலேறுபவன் ஏன் ஆவிரை சூடுகிறான்?

பனைமடல் குதிரையில் தெருவுக்கு வரும் சங்கக் காதலன் ஆவிரை சூடுகிறான். 'ஆவாரம்பூ' என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிடும் உரைகள் எனக்குப் போதவில்லை. செடி எங்கே வளர்கிறது?

வாலாஜாபேட்டைப் பக்கத் தரிசில் தேடுங்கள். மஞ்சள் பூவை மட்டும் நம்பினால் பேயாவரையும் தகரையும் குழப்பும். இலைக்காம்படியில் காது மாதிரி அகன்ற இலையடிச் செதில் இருக்கணும். தாவரவியல் பெயரின் 'ஆரிகுலேட்டா'வுக்கும் காதுடையது என்றே பொருள். (இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஒருகாலத்தில் பதனிட உதவியது இதன் பட்டை.)

குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப்பட்டியலில் ஆவிரை ஒரு பெயர், அவ்வளவுதான். கலித்தொகையின் மடல் பாட்டிலோ எருக்கோடு வருகிறது. இரண்டுமே வழியோரத் தரிசுச் செடிகள். வெட்கம் விட்டவன் சுனையில் இறங்கிக் குவளை பறிக்கவில்லை. வருகிற வழியில் கைக்கு எட்டியதைக் கட்டிக்கொண்டு வருகிறான்.