நுரை ஏறும் கழுத்து

இலங்கையின் துன்ஹிந்த அருவியில் பதுளு ஓயா 64 மீட்டர் விழுந்து நுரைக்கிறது. சற்றுக் கீழே போய்ப் பார்த்தால் அந்த நுரையைக் காணோம். நன்னீரில் இரண்டு குமிழிகள் முட்டினால் ஒன்றாகிப் பெருத்து, மேலே வந்து உடைந்துவிடும். கடல்நீர் அப்படியல்ல. நெருங்கிவரும் குமிழிகளைக் கலக்கவிடாமல் உப்பு தடுக்கிறது. அவை பொடிப்பொடியாகவே மிதக்கின்றன. கடல்மீன் தொட்டியின் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற கருவியின் பிழைப்பே இந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்தில் கடல்மீன் வளர்ப்பவர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்துக் கடலைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அதில் கரைகின்றன. அந்தக் கரிமப் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு நுனி தண்ணீரோடு ஒட்டும், மறு நுனி தண்ணீரை வெறுக்கும். காற்றுக்குமிழி ஒன்று எதிர்ப்பட்டால் வெறுக்கும் நுனியைக் காற்றுக்குள் நீட்டி, குமிழியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். மற்ற வடிகட்டிகளில் பல, கழிவு அழுகிய பிறகே வேலை தொடங்குகின்றன. ஸ்கிம்மர் அதை அழுகுமுன்பே வெளியேற்றுகிறது. எனக்கு இதில் பிடித்த நாகரிகம் அதுதான்.

குமிழி சிறுக்கச் சிறுக்க நன்மை. ஒரே அளவு காற்றைப் பாதி விட்டமுள்ள குமிழிகளாக உடைத்தால் ஒட்டும் பரப்பு இரண்டு மடங்காகும். சிறு குமிழி மெதுவாக ஏறுவதால் ஒட்ட நேரமும் கிடைக்கும். பழைய கருவிகளில் இதற்கு மரக்கட்டைக் காற்றுக்கல் இருந்தது. இன்று பம்பின் சக்கரத்தில் ஊசி ஊசியாக முட்கள் வைத்துக் காற்றை அரைக்கிறார்கள். நன்றாக ஓடும் ஸ்கிம்மரின் உடலுக்குள் குமிழிகளைத் தனித்தனியே காண முடியாது. வெள்ளைப் புகை அடைத்துக் கிடப்பது போலத்தான் தெரியும்.

அழகெல்லாம் அதற்கு மேலே, கழுத்தில். உடலில் கொந்தளித்து வந்த நுரை அங்கே நிதானிக்கிறது. குமிழிகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே இறங்க, அழுக்கு மட்டும் தங்கி, நுரை கனத்து, பழுப்பேறி, விளிம்பைத் தாண்டிக் கோப்பையில் விழுகிறது. ஸ்கிம்மர் நிற்கும் கீழ்த்தொட்டியான சம்பில் தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கோப்பையில் இளம் பிளேன்டி நிறம். தாழ்த்தினால் கசக்கும் சாயம். தேயிலை நாட்டில் இந்த வித்தியாசத்தை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மணத்தைப் பற்றிப் பேசாமல் விடுவது நல்லது.

ஆகவே வாங்கும்போது பெட்டியில் அச்சிட்ட லிட்டர் கணக்கை நான் பெரிதாக நம்புவதில்லை; கழுத்தைத்தான் பார்ப்பேன். சிறு தொட்டிக்கு அகன்ற கழுத்து வாங்கினால், அதை நிரப்பும் அளவுக்கு அழுக்கு இல்லாமல் நுரை பாதியிலேயே சரிந்துவிடும்.

பம்பையும் பார்க்க வேண்டும். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸுக்கு என்று செய்த பம்ப், வோல்ட்டை மாற்றிக் கொடுத்தாலும், இங்கே நிமிடத்துக்கு 3600 சுற்றுக்குப் பதிலாக 3000 தான் சுற்றும், காற்று குறையும். 24 வோல்ட் டிசி பம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை, பேட்டரியிலும் ஓடும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனதை மறக்காதவர்களுக்கு இது ஆடம்பரமாகத் தோன்றாது. ஸ்கிம்மர் நின்றால் இழப்பது சுத்தத்தை மட்டுமல்ல; அது தண்ணீருக்குள் ஒட்சிசனையும் சேர்க்கிறது. ஊவா மலையில் ஹப்புத்தளை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு, தண்ணீர் ஏற்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். மலைக்குளிர் அதை ஈடுகட்டாதா என்றால், பவளத்துக்காக 25 பாகைக்கு ஹீட்டர் போட்டு அந்தச் சலுகையை நாமே இழந்துவிடுகிறோம்.

இருப்பதை மாற்றிப் பெரியது வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2009இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்தார். கரிமப் பொருளில் பெரும்பகுதியை எதுவும் எடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று வித்தியாசமும் பெரிதாக இல்லை. சத்தம் குறையட்டும், பேட்டரியில் ஓடட்டும், கோப்பை எளிதாகக் கழன்று வரட்டும் என்று மாற்றினால் நியாயம். இல்லையென்றால் கழுத்தின் உட்புறத்தைத் துடையுங்கள். அங்கே படியும் எண்ணெய்ப்பசைதான் ஏறிவரும் நுரையை உடைக்கிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு துணி போதும், சவர்க்காரம் வேண்டாம்.