மறதியை முன்னறியும் அளவுகோல்: தோட்டத்து முதியோர்க்குப் பொருந்துமா?

இனிப்புநீர் நோயுள்ள முதியோருக்கு அந்நோய் இல்லாதவரைவிட மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதி என்பது ஆய்வாளர் கண்ட முடிபு. அவருள் யாருக்கு அது வரும் என்று முன்னறிய எழுந்த அளவுகோல்களுள் பெயர்பெற்றது 2013ஆம் ஆண்டில் வெளிவந்தது. வட கலிபோர்னியாவின் கெய்சர் பெர்மனென்டி மருத்துவ நிறுவனத்துப் பதிவேடுகளிலிருந்து, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 29,961 பேரின் பத்தாண்டு வரலாற்றைத் தொகுத்து அதனை வகுத்தனர்.

அஃது எண்ணுவன எட்டு: வயது, கல்வி, கண் சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடு, காற்புண், பக்கவாதம், இதயநோய், சர்க்கரை மிகத் தாழ்ந்தோ உயர்ந்தோ மருத்துவமனை சேர்தல், மனச்சோர்வு. மிகக் குறைந்த புள்ளி பெற்றோருள் நூற்றுக்கு ஐவரும், மிகுந்த புள்ளி பெற்றோருள் நூற்றுக்கு எழுபத்து மூவரும் பத்தாண்டுக்குள் மறதிநோய்க்கு ஆளாவர் என்பது கணிப்பு. புதிதாக இரத்தம் எடுக்க வேண்டுவதில்லை. எழுத்தறியாதவரைப் படம் வரையச் சொல்வதுமில்லை. அவ்வளவில் இது பாராட்டத் தக்கதே.

இதனைக் கெடா மாநிலத்துப் பாடாங் மேஹா போன்ற தோட்டப்புறங்களுக்குக் கொண்டுவந்தால் பொருந்துமா என்பதே வினா. பலரும் முதலிற் குறைகூறுவது கல்வியைப் பற்றி. கூடுதலாகக் கற்றவர்க்கு ஒரு புள்ளி கழிக்கப்படுகிறது. தோட்ட முதலாளிமார் பள்ளி நடத்த வேண்டுமென 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்த போதிலும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட பெண்கள் பலர். எனவே பால்மரம் வெட்டி ஓய்ந்தவருள் அந்தக் கழிவு பெறுவோர் மிகச் சிலரே. ஆயினும் அஃது ஒரு புள்ளிதான்; பெருங்கேடு வேறிடத்தில் உள்ளது.

இவ்வளவுகோல் மனிதனை அளப்பதில்லை. அவனைப் பற்றிய பதிவேட்டை அளக்கிறது. பதியப்படாதது சுழியாகவே எண்ணப்படும். மாத்திரையை விழுங்கிப் பசியோடு கிடந்து, கைகால் நடுங்கி மயங்கிய மூதாட்டிக்கு வீட்டார் சீனித் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டால், அது மருத்துவமனை ஏட்டில் ஏறாது. கணவனை இழந்தபின் சோறும் பேச்சும் குறைந்தவளை, 'மனசு சரியில்லை' என்று சொல்லி விட்டுவிட்டால், மனச்சோர்வும் ஏறாது. இவ்விரண்டுக்கும் தலைக்கு இரண்டு புள்ளி, கூட்டினால் நான்கு. வயதுக்கணக்கில் நான்கு புள்ளி என்பது அறுபத்தைந்தாம் வயதுக்கும் எழுபத்தைந்தாம் வயதுக்கும் உள்ள வேற்றுமை. இடர் மிக்கவளை இடர் குறைந்தவளென ஏடு காட்டிவிடும். அவளுக்கு வேண்டிய கவனிப்பும் தள்ளிப்போகும்.

இதற்கு வழியில்லாமலில்லை. மலேசியாவில் 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய நலவாழ்வு ஆய்வு, முதியோருள் நூற்றுக்கு 27.7 பேருக்கு இனிப்புநீர் இருப்பதையும், 8.5 பேருக்கு மறதிநோய்க்குரிய அறிகுறி இருப்பதையும் கண்டது. மறதியை அறிய அது கையாண்டது, ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் எழுத்தறியாத முதியோர்க்கென ஆக்கிய சோதனை. அதில் தாளும் எழுதுகோலும் இல்லை. தீக்குச்சிகளை அடுக்கச் சொல்வர், பாலம் என்பது யாதெனக் கேட்பர். தமிழ்நாட்டில் வேலூர், சென்னை ஆய்வுகளில் முதியவரோடு அவர் உறவினரையும் உசாவினர். இவை நிகழ்கால மறதியை அறிவன. வருங்காலத்தைக் கணிப்பன அல்ல. எனினும் மக்களுக்கேற்ப அளவுகோலை அமைக்கும் முறையை அவை காட்டுகின்றன.

ஆகவே கலிபோர்னியக் கணக்கை அப்படியே ஏற்றலும் தகாது. அறவே தள்ளலும் தகாது. மயங்கி விழுந்ததுண்டா, மனம் சோர்ந்ததுண்டா என்று வீட்டாரைக் கேட்டுப் பதிந்த பின்னரே கூட்டல் தொடங்க வேண்டும். அவ்வினாக்களைத் தோட்டத் தமிழில், முதியவர்க்கு விளங்கும் சொல்லில் அமைக்கத் தமிழாசிரியர் துணை வேண்டும். நூல்மொழியில் கேட்ட கேள்விக்கு விடை வராதபோது, குறை கேட்டவரிடம் இருக்க, மறதி முதியவர் தலையில் ஏற்றப்படும்.