ஹெய்யான் ஷோடானின் நான்காவது அசைவு

கராத்தேவில் கட்டா என்றால் எதிராளி இல்லாமல், வரிசை மாறாமல், தனியாகச் செய்து பழகும் அசைவுத் தொடர். ஷோட்டோகான் பாணியில் வெள்ளை பெல்ட்காரர்களுக்கு முதலில் வருவது பெரும்பாலும் ஹெய்யான் ஷோடான். மொத்தம் 21 அசைவுகள். கீழே தட்டுவது, முன்னேறிக் குத்துவது, திரும்புவது, மறுபடி அதே. ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் என்னை ரொம்ப நாள் படுத்தியது நான்காவது அசைவு. மூன்றாவதில் வலது காலை முன்வைத்து வலது கையால் கீழே தட்டி நிற்கிறோம். அடுத்து முன்னேறத்தானே வேண்டும்? இல்லை. வலது காலைப் பாதித் தூரம் பின்னுக்கு இழுத்து, கையை இடது தோள் பக்கமாகச் சுழற்றி, சுத்தியல் மாதிரி மேலிருந்து கீழே இறக்க வேண்டும். கட்டாவின் தாளமே இங்கே உடைகிறது. ஏன் சார் இது மட்டும் இப்படி என்று கேட்டேன். "பெல்ட் டெஸ்ட்ல இதைத்தான் பார்ப்பாங்க" என்று பதில் வந்தது. அது பதில் இல்லை என்று புரிய எனக்கு ஆறு மாசம் ஆனது.

கொஞ்சம் வரலாறு. இந்தக் கட்டா பினான் என்ற ஐந்து கட்டா வரிசையைச் சேர்ந்தது. 1900களின் தொடக்கத்தில், ஒகினாவாவின் பள்ளிகளில் கராத்தே நுழைந்த காலத்தில், இடோசு ஆன்கோ உருவாக்கியது என்பார்கள். அவர் மாணவர்களில் ஒருவரான ஃபுனகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோ போனார். பினான் என்று எழுதும் அதே எழுத்துகளை ஜப்பானிய முறையில் ஹெய்யான் என்று வாசித்தார். முதல் இரண்டு கட்டாக்களின் இடத்தையும் மாற்றினார். ஆக, நாம் ஹெய்யான் முதலாவது என்று படிப்பது இடோசுவின் இரண்டாவது.

இடோசு 1908-ல் கல்வி அதிகாரிகளுக்குப் பத்து அம்சங்கள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். அதற்கு இரண்டு முகம். ஒரு பக்கம், பள்ளியிலேயே பழகினால் பிள்ளைகள் பிற்பாடு ராணுவத்துக்குப் பயன்படுவார்கள் என்கிறார். வாட்டர்லூ வெற்றியையும் பள்ளி விளையாட்டு மைதானத்தையும் இணைத்து வெலிங்டன் சொன்னதாக வழங்கும் பேச்சைக்கூடத் துணைக்கு இழுக்கிறார். இன்னொரு பக்கம், ஒவ்வொரு உத்தியின் விளக்கத்தையும் கேட்டு, எந்தச் சமயத்துக்கு எது என்று தெளிந்து பழகச் சொல்கிறார். நுழைவது, எதிர்கொள்வது, பிடியை விடுவிப்பது ஆகியவற்றில் வாய்மொழியாக வருவது நிறைய என்றும் குறிப்பிடுகிறார். பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லி அசைவைக் கடத்தலாம். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர வேண்டிய வாய்மொழியை அப்படிக் கடத்த முடியாது. கட்டா வந்து சேர்ந்தது, அதன் பேச்சு வழியில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

இதற்குக் கட்டாவுக்குள்ளேயே ஒரு சான்று கிடைக்கிறது. ஃபுனகோஷி வட்டாரத்தில் பிற்பாடு இன்னும் எளிதாக டைக்யோக்கு ஷோடான் என்றொரு கட்டா செய்தார்கள். நடக்கும் தடம் ஹெய்யான் ஷோடானுடையதேதான். கீழே தட்டுவதும் குத்துவதும் மட்டும். மொத்தம் 20 அசைவுகள். கணக்குப் போட்டுப் பாருங்க. ஹெய்யானில் தலைக்கு மேல் தூக்கும் மூன்று தடுப்புகள் இருக்கிற இடத்தில் இங்கே மூன்று குத்துகள். கடைசி நான்கு கத்திக்கைகளுக்குப் பதில் தட்டு, குத்து, தட்டு, குத்து. எண்ணிக்கை மாறவில்லை. 21 இருபதானது அந்தச் சுத்தியல் போனதால்தான். திசை திரும்பாமல் முன்காலைப் பின்னிழுக்கும் ஒரே இடமும் அதோடு போயிற்று. எளிமைப்படுத்தும்போது முதலில் உதிர்வது, காரணம் தெரிந்தால் மட்டுமே நிற்கக்கூடிய விஷயம்தான்.

சரி, அதன் காரணம் என்ன? ஒரு நாள் கூடப் பழகுகிறவரிடம் என் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். கையை மட்டும் இழுத்தேன், வரவில்லை; அவர் என்னைவிட பலசாலி. பிறகு கட்டாவில் உள்ளபடி காலைப் பின்னிழுத்துக்கொண்டே கையைச் சுழற்றினேன். இப்போது இழுப்பது கை இல்லை, உடம்பின் எடை. அந்த இழுப்பு அவர் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில், பிடி பலவீனமான இடத்தில் விழுகிறது. கை வெளியே வந்தது. சுழன்று வந்த முஷ்டி தானாகவே அவர் தோள்பட்டைக்கு மேலே நின்றது. இந்த விளக்கம் ரகசியமே இல்லை, ஷோட்டோகான்காரர்கள் பலர் சொல்வதுதான். ஆனால் யாராவது பிடித்தால்தான் அது புரிகிறது.

இங்கே எதிர்த் திசையில் ஒரு தப்பும் நடக்கிறது. கட்டாவின் உட்பொருளைப் பிரித்துப் பார்ப்பதைப் புன்காய் என்பார்கள். இணையத்தில் அதன் பெயரில் ஒவ்வொரு அசைவுக்குள்ளும் ஒரு வர்மப் புள்ளி, ஒரு கழுத்து முறிப்பு கண்டுபிடிக்கிறார்கள். நான்கு பக்கமும் திரும்புகிறோமே, அது நான்கு எதிரிகளுக்கு என்பது பழைய கதை. அந்த நாலு பேரும் முறை வைத்தா வருவார்கள்? இடோசுவின் இன்னொரு மாணவரும் ஷிட்டோ-ரியூவின் நிறுவனருமான மபுனி கென்வாவே இப்படித் திசையைக் கொண்டு எதிரிகளை எண்ணுவதை அபத்தம் என்று எழுதியிருக்கிறார். எதிராளி நாம் நினைத்தபடி அசையாமல் நிற்பார் என்று வைத்துக்கொண்டால் எந்த அசைவுக்கும் எந்த விளக்கமும் பொருந்தும். அது அறிவு இல்லை.

என் அளவுகோல் இதுதான்: விளக்கம் தோற்பதற்கு இடம் கொடுக்க வேண்டும். என் சோதனையும் ஒரு கட்டத்தில் தோற்றது. நண்பர் பிடித்தபடியே என் மேல் நடந்து வந்தபோது, நான் பின்னிழுத்த காலால் ஒரு பயனும் இல்லை. அவர் மற்ற கையை வீசியபோது எனக்கு நேரமே கிடைக்கவில்லை. ஆக, அந்த அசைவு சரியாக வேலை செய்வது பிடித்தவர் நின்று இழுக்கும்போதுதான். அந்த எல்லை தெரிந்ததும் பொருளின் ஒரு பகுதி.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவது தற்காப்புக்கு என்று நம்பித்தான். ஒரு பத்து வயதுப் பெண் இந்தக் கட்டாவை நூறு தடவை பிசகாமல் செய்திருக்கலாம். ஒரு தடவைகூட யாரும் அவள் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை என்றால், அவளுக்கு நாம் கொடுத்தது திறமை அல்ல, தைரியம் மட்டும். சோதிக்காத தைரியம் பயத்தைவிட ஆபத்து.

கட்டாவைக் குறைக்கவும் வேண்டாம், ரகசியம் ஏற்றவும் வேண்டாம். நான்கு என்று எண்ணும்போது, பக்கத்தில் இருப்பவரைக் கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். போதும்.