ஓரத்து ஃபைனா

புவெனஸ் ஐரிஸில் ஒரு பேட்டைப் பீட்சாக் கடையின் தரத்தை அறிய முசரெல்லா பீட்சாவைத் தின்று பார்க்க வேண்டியதில்லை. அத்தனை சீஸைக் கொட்டினால் யார் சுட்டாலும் ஓரளவுக்கு நன்றாகத்தான் வரும். நான் பார்ப்பது ஃபைனாவை. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். கை தப்பினால் மூடி மறைக்க மேலே ஒன்றும் கிடையாது.

மாவைக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவிட வேண்டும். மேலே திரளும் நுரையை வழித்தெடுத்துவிட்டு, எண்ணெய் தாராளமாக விட்ட அகலத் தட்டில் ஊற்றி, நன்றாகக் காய்ந்த அடுப்புக்குள் தள்ள வேண்டும். அவசரக்காரர்கள் ஊறவிடுவதில்தான் நேரத்தைத் திருடுவார்கள். முதல் கடியிலேயே பச்சை மாவு வாசனை காட்டிக் கொடுத்துவிடும். ஒழுங்காக வெந்தது மேலே பொன்னிறத்தில் கொப்புளம் கட்டி, உள்ளே குழைவாக நிற்கும். அதிலும் நடுத்துண்டு வேறு, ஓரத்துத் துண்டு வேறு. தட்டின் விளிம்பில் மாவு மெலிந்து, எண்ணெயில் முறுகி, சில இடங்களில் கருகத் தொடங்கியிருக்கும். ரசிகர்கள் கவுண்டரில் ஃபைனா கேட்கும்போதே ‘தே ஒரிஷோ’, அதாவது ஓரத்திலிருந்து, என்று சேர்த்துச் சொல்வார்கள். வெட்டுகிறவர் ஒரு கணம் நிமிர்ந்து ஆளைப் பார்ப்பார். பிறகு கத்தி ஓரத்துக்கு நகரும்.

அந்தத் துண்டின் மேல் மிளகுத்தூள் தூவி, சுடச்சுட இருக்கும் முசரெல்லாத் துண்டின் மேல் படுக்கவைத்து, இரண்டையும் ஒன்றாகக் கடிக்க வேண்டும். கடலையின் வறண்ட ருசிதான் சீஸின் திகட்டலை அடக்கும். இரண்டையும் தனித்தனியாகத் தின்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கல்லில் சுட்ட மெல்லிய பீட்சாதான் உயர்ந்தது என்று வாதிடும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அது ஃபைனாவின் பாரத்தைத் தாங்காது என்பதுதான் அவர்களுக்கு என் பதில். நேப்பிள்ஸ் பாணிக்காரர்களின் குறை வேறு: இந்த ஊர் பீட்சாவில் மாவு கனமாம், சீஸ் அதிகமாம். நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கலையை யுனெஸ்கோ 2017-இல் தன் பட்டியலில் சேர்த்தது, சந்தோஷம். அதற்காக அந்த ஊர் அளவுகோலை இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டுமா? ஃபைனா வந்தது ஜெனோவாவிலிருந்து. லா போக்கா துறைமுகப் பேட்டையில் குடியேறிய ஜெனோவாக்காரர்கள் கொண்டுவந்த பண்டம் அது. அங்கே 1932-இல் பீட்சாக் கடை திறந்த பாங்கெரோ குடும்பமும் ஜெனோவா வழிதான்; வெங்காயமும் சீஸும் சேர்ந்த ஃபுகாசெட்டா எங்கள் கடையில் பிறந்தது என்று இன்றைக்கும் உரிமை கொண்டாடுகிறார்கள். கோரியெந்தெஸ் அவென்யூவின் குவெர்ரினுக்கும் அதே 1932-தான், அதே ஜெனோவாதான்.

வில்லா ஒர்த்தூசரில் இருக்கும் லா மெசெட்டாவை விட்டுவிட்டால் சண்டைக்கு வருவார்கள். நின்றபடியே சாப்பிடும் கடை. இரண்டு மாவுக்கு நடுவே அடைத்த சீஸ் வழிய, மேலே வெங்காயம் ஓரம் கருகிய ஃபுகாசெட்டா துண்டு. கைத்தாளோ எண்ணெயை உறிஞ்சாமல் தள்ளிவிடும் வழவழப்பு ரகம். வில்லா கிரெஸ்போவின் ஆன்ஹெலினில் சீஸே இல்லாமல் தக்காளி, பூண்டு, காரம் மட்டும் பூசிய பீட்சா, ஒரு காலத்தில் கால்பந்து மைதான வாசல்களில் விற்ற சரக்கு. இரண்டையும் மறுக்கமாட்டேன். ஆனாலும் என் கண் முதலில் ஃபைனாத் தட்டைத்தான் தேடும்.

கூடவே மொஸ்காத்தோ என்ற இனிப்பு வைன். இனிக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் பீர் குடிக்கட்டும். மெம்ஃபிஸ் லா புளூசெரா குழுவின் பாட்டுக்குத் தலைப்பே மொஸ்காத்தோ, பீட்சா, ஃபைனா. பீருக்கு அதில் இடமில்லை.

இப்போது பல கடைகளில் ஃபைனாவை ஒப்புக்குச் சுடுகிறார்கள். விரல் தடிமனுக்கு ஊற்றி, காலையிலேயே சுட்டு அடுக்கிவைத்து, கேட்டால் சூடுகாட்டித் தருகிறார்கள். போன முறை ஒரு கடையில் வந்த துண்டை வளைத்தால் முறியாமல் பழைய நிலைக்கே திரும்பியது. கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றார் பரிமாறியவர். இப்படிச் சுட்டுத் தந்தால் யார் கேட்பார்கள்? ஃபைனா கிழவர்கள் தின்பது என்று சின்னப் பையன்கள் நினைப்பதற்கும் இதுதான் காரணம். அவர்கள் ஓரத்துத் துண்டைத் தின்று பார்த்ததேயில்லை.

அந்தப் பக்கம் போனால் கூச்சப்படாமல் ஓரத்தைக் கேளுங்கள். தீர்ந்துவிட்டது என்றால் ஒரு மொஸ்காத்தோவை வாங்கிக்கொண்டு அடுத்த தட்டு வரும்வரை நில்லுங்கள். முசரெல்லாவை அதற்குப் பிறகு வாங்கலாம்.