அணைத்தலும் விலக்கலும்: மும்பைச் சூழலில் தொலைக்காட்சிக் கையேட்டுத் தமிழ்

1. முன்னுரை

மொழிபெயர்ப்பு பற்றிய தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் இலக்கியத்தையே தனக்குரிய களமாகக் கொண்டுள்ளது. கவிதையிலோ புதினத்திலோ ஒரு சொல் பிறழ்ந்தால் சுவை குன்றும். நூலின் மதிப்புக் குறையும். மின்கருவியோடு வரும் கையேட்டில் ஒரு சொல் பிறழ்ந்தால் அதன் விளைவைப் படிப்பவர் உடல் ஏற்க நேரும். ஆயினும் இவ்வகை உரைநடை திறனாய்வாளர் கண்ணில் பட்டது குறைவு.

பெரிய திரைத் தொலைக்காட்சியையும் அதன் ரிமோட்டையும் வீட்டில் நிறுவிப் பயன்படுத்தும் முறையைக் கூறும் கையேட்டுத் தமிழை இக்கட்டுரை ஆராய்கிறது. இதற்கு மும்பைத் தமிழர் வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகள் பின்புலமாகக் கொள்ளப்படுகின்றன. இங்கு ஆளப்படும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் கையேட்டு நடையின் அமைப்பைக் காட்டும்பொருட்டு அமைக்கப்பட்டவை. எந்தவொரு நிறுவனத்தின் கையேட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

2. படிப்பவர் யார்?

மும்பையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1972 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. சென்னை அதனைப் பெற்றது 1975இல்தான். எனவே தொலைக்காட்சிப் பெட்டியோடு பழகும் வாய்ப்பு சென்னைத் தமிழரைவிட மும்பைத் தமிழருக்கு மூன்றாண்டுகள் முன்னரே கிட்டியது. ஆனால் கருவி தமிழோடு வரவில்லை. கடைக்காரர் பேசியது இந்தி. பெட்டியின் மேல் இருந்தது ஆங்கிலம். தெருவின் மொழி மராத்தி.

தாராவியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகக் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். மாட்டுங்காவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவாக்கிய குடியிருப்புகளில் ஆங்கிலக் கல்வி பெற்ற தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் குடியேறினர். அவர்கள் 1932இல் தோற்றுவித்த தென்னிந்தியக் கல்விக் கழகம் இன்றும் இயங்கி வருகிறது. செம்பூரிலும் அதனையடுத்த சேடா நகரிலும் தமிழர் குடியிருப்பு பின்னர்ப் பெருகியது.

இவ்வேறுபாட்டைக் கையேடு எழுதுவோர் மூவகைப் படிப்பாளராகக் கொள்ளலாம். ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் வீடு முதல்வகை; அங்குக் கையேடு செவிவழியே செல்கிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டுப் படிப்பவர் இரண்டாம் வகை. தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்தறியாத மூன்றாம் தலைமுறையினர் மூன்றாம் வகை. இவர்களுக்குக் குறியீடும் படமுமே துணை. இம்மூவகையினரும் மூன்று பகுதிகளிலும் கலந்தே உள்ளனர்.

பன்மொழிச் சூழல் எச்சரிக்கைச் சொற்களையே குழப்பத்திற்கு உள்ளாக்குகிறது. மும்பையின் சுவர்களில் எழுதப்பட்டிருக்கும் 'சாவ்தான்' என்னும் சொல் இந்தியிலும் மராத்தியிலும் விழிப்பாயிருக்கச் சொல்வது. அதே வடசொல் தமிழில் 'சாவதானமாக' என வழங்கும்போது 'அவசரமின்றி, நிதானமாக' என்று பொருள்படும். மராத்தியில் 'தோக்கா' என்பது ஆபத்து. இந்தியில் அதற்கிணையான சொல்லுக்கு வஞ்சனை என்று பொருள். இத்தகைய இடத்தில் தமிழ்க் கையேடு தெளிவாகப் பேசவேண்டிய தேவை மிகுதி.

3. 'அணை' என்னும் ஒரு வினை

கையேட்டுத் தமிழில் மிகுந்த இடர் விளைவிப்பது அரிய கலைச்சொல் அன்று. எல்லோரும் அறிந்த 'அணை' என்னும் வினையே ஆகும். விளக்கை அணைத்தால் சுடர் இல்லை. அச்சொல் மின்விளக்கிற்கும் பின்னர்த் தொலைக்காட்சிக்கும் ஏறியது. தொடக்ககாலப் பெட்டிகளில் முகப்பிலிருந்த குமிழைத் திருப்பினால் பெரும்பாலும் மின்னோட்டமே அறுபட்டது. எனவே 'அணைத்தல்' அன்று பொருத்தமான சொல்லே.

ரிமோட் வந்தபின் செயல் மாறியது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் 1955இல் யூஜீன் பாலி ஒளிக்கதிராலும், 1956இல் ராபர்ட் ஆட்லர் மீயொலியாலும் இயங்கும் கருவிகளை அமைத்தனர். இன்று பரவலாக வழங்குவது அகச்சிவப்புக் கதிரால் இயங்குவது. நுட்பம் எதுவாயினும் ஒரு கட்டாயம் மாறவில்லை. தொலைவிலிருந்து வரும் கட்டளையை ஏற்று விழிக்க வேண்டுமாயின், அக்கட்டளையைக் கேட்கும் பகுதி உறங்காதிருக்க வேண்டும். ஆகவே ரிமோட்டால் நிறுத்தப்பட்ட பெட்டி காத்திருக்கிறது. அதன் உள்ளே 230 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டே இருக்கிறது.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் குறியீடுகள் இவ்வேறுபாட்டைக் காக்கின்றன. நேர்கோடு இயங்குநிலையைக் குறிக்கும். முழுவட்டம் மின்தொடர்பு அற்ற நிலையைக் குறிக்கும். மேற்புறம் உடைந்த வட்டத்தினுள் செல்லும் கோடு காத்திருப்பு நிலையைக் குறிக்கும். ரிமோட்டின் பொத்தான்மேல் காணப்படுவது இந்த உடைந்த வட்டமே. படம் உண்மை கூற, அதன் அருகில் 'அணைக்கவும்' என்று எழுதும் தமிழ் அவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

'சுத்தம் செய்யும் முன் தொலைக்காட்சியை அணைக்கவும்' என்னும் தொடரை நோக்குக. படிப்பவர் ரிமோட்டை அழுத்துவார், திரை இருளும், ஈரத்துணியை எடுப்பார். கட்டளைக்கு அவர் முற்றும் கீழ்ப்படிந்தவரே. மூலம் கருதிய செயலோ சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுவது. இங்குப் பிழை படிப்பவருடையது அன்று.

மும்பையின் மழைக்காலத்தில் இதன் கடுமை விளங்கும். 2005 சூலை 26ஆம் நாள் சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளும் அண்டையிலுள்ள சயானும் மழைநீர் தேங்குவதற்குப் பெயர்பெற்றவை. தரைத்தளத்தில் நீர் புகும் வேளையில் 'டி.வி.யை அணைத்தாயிற்றா?' என்ற வினாவிற்கு 'ஆயிற்று' என்ற விடை இருவேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். ஆதலின் ரிமோட்டுச் செயலுக்கு 'நிறுத்துதல்' என்றும், சுவர்ச் செயலுக்குப் 'பிளக்கைக் கழற்றுதல்' என்றும் இரு வினைகளைக் கையேடு முழுவதும் மாறாது ஆள வேண்டும். எந்த இரு சொற்கள் என்பது விவாதத்திற்குரியது. இரண்டு வேண்டும் என்பது விவாதத்திற்குரியதன்று.

4. விலக்கு நிற்கும் இடம்

ஆங்கிலத்தில் விலக்குச் சொல் தொடரின் தலையில் நிற்கிறது. தமிழில் வினை இறுதியில் வருவதால் விலக்கும் இறுதியிலேயே வரும். இது மொழியின் இயல்பு, குறை அன்று. இவ்வியல்பை எண்ணாது ஆங்கிலத் தொடரின் நீளத்தை அப்படியே கொணர்வதுதான் குறை.

'ஈரமான கைகளுடனோ, மின்னல் வெட்டும்போதோ, மின்வடம் சேதமுற்றிருக்கும் நிலையிலோ மின்செருகியைத் தொடுதல், இழுத்தல் அல்லது வடத்தைப் பிடித்துக் கழற்றுதல் ஆகியவற்றைச் செய்யக் கூடாது.' இத்தொடரின் இறுதிச் சொல் வரும்வரை கேட்பவர் செவியில் விழுவது செய்யவேண்டியவற்றின் பட்டியல் போன்றே ஒலிக்கிறது. ஒருவர் படிக்க மற்றவர் கையால் செய்யும் வீட்டில் 'கூடாது' வருமுன் கை சென்றுவிடும். அச்சில் அச்சொல் அடுத்த பக்கத்திற்குத் தள்ளப்பட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

இதற்குத் தீர்வு தமிழ் மரபிலேயே உண்டு. ஔவையாரின் ஆத்திசூடியில் 'ஏல்' என்னும் ஈறு பெற்ற விலக்குகள் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடுகின்றன. விலக்குச் சொல் இறுதியில் நின்றாலும் அதற்கு முன் காத்திருப்பு இல்லை. கையேட்டுத் தொடரையும் இவ்வாறு பிரிக்கலாம்: 'பிளக்கை ஈரக் கையால் தொடாதீர்கள். மின்னல் வெட்டும்போது தொடாதீர்கள். வயர் நைந்திருந்தால் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடித்துக் கழற்றுங்கள்.' சொற்கள் கூடியுள்ளன, ஐயம் குறைந்துள்ளது.

விலக்கு வடிவங்களின் தேர்வும் கருதத்தக்கது. 'தொடாதீர்கள்' எதிர்மறை ஏவல். முன்னிலையாரை நேரே நோக்குவது. 'தொடக்கூடாது' பொதுவிதி, எழுவாய் மறைந்து நிற்பது. 'தொடாமல் இருக்கவும்' அலுவலக அறிவிப்பு நடை. 'தொட வேண்டாம்' என்பதோ விலக்கையும் தேவையின்மையையும் ஒருங்கே தரவல்லது. 'செல்களைக் கழற்ற வேண்டாம்' என்றால் கழற்றுவது தீங்கு என்றும் கொள்ளலாம். கழற்றத் தேவையில்லை என்றும் கொள்ளலாம். உயிர்க்கேடு நேரத்தக்க இடத்தில் 'வேண்டாம்' தவிர்க்கத்தக்கது. ஒரே பக்கத்தில் நான்கு வடிவங்களையும் நடை வேறுபாட்டிற்காகக் கலப்பது, நான்கு வேறு கடுமைகள் உள்ளன என்ற தவறான எண்ணத்தைத் தரும்.

கடுமையின் தரவரிசைக்கென்றே தனிச்சொற்கள் உள்ளன. அமெரிக்கத் தரநிர்ணயத்தின் இசட் 535 வரிசை மூன்று படிகளைப் பிரிக்கிறது: தவிர்க்காவிடில் உயிரிழப்போ கடுங்காயமோ நேர்ந்தே தீரும் நிலை, நேரக்கூடிய நிலை, சிறுகாயம் நேரக்கூடிய நிலை. தமிழில் 'அபாயம்', 'எச்சரிக்கை', 'கவனம்' ஆகியன இவற்றிற்கு ஏற்றவை. இவற்றுள் 'அபாயம்' மண்டையோட்டுக் குறியோடு மின்கம்பங்களில் நெடுங்காலம் பயின்றது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் அத்தகைய அறிவிப்பை உள்ளூர் மொழியிலும் வைக்கப் பணித்தன. கிடைத்த மரபைக் கைவிட்டு அனைத்திற்கும் 'எச்சரிக்கை' என்று தலைப்பிடுவது வீண் இழப்பு.

5. நிபந்தனையும் செய்பவரும்

'மின்தொடர்பைத் துண்டிக்காமல் பின்மூடியைத் திறக்கக் கூடாது.' இலக்கணப்படி இத்தொடர் பிழையற்றது. ஆனால் துண்டித்தபின் திறக்கலாம் என்னும் இசைவு இதனுள் பொதிந்துள்ளது. பயன்படுத்துவோர் பின்மூடியை எப்போதுமே திறக்கலாகாது என்பதே மூலத்தின் கருத்து. பழைய படக்குழாய்ப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம் நிறுத்திய பின்னும் எஞ்சி நிற்கும்; இன்றைய தட்டைத் திரையிலும் மின்வழங்கிப் பகுதியின் மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும். கையேடு அளிக்காத அனுமதியை ஒரு வினையெச்சம் அளித்துவிடுகிறது.

செய்பவர் யார் என்பது தவறும் இடமும் உண்டு. சில ரிமோட்டுகளில் நாணயம் போன்ற தட்டை மின்கலம் இருக்கும். அதனைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயில் கடும் புண் உண்டாகலாம். இதற்கு 'மின்கலத்தை உட்கொள்ளக் கூடாது' என்று எழுதுவது நகைப்பிற்கிடமாகிறது. 'உட்கொள்' என்பது உணவுக்கும் மருந்துக்கும் உரிய, விரும்பிச் செய்யும் வினை. படிப்பவர் தாயோ பாட்டியோ, விழுங்குவது குழந்தை. எதிர்பாராது நேர்வதைக் காட்டத் தமிழில் 'விடு' என்னும் துணைவினை உள்ளது. 'இந்தச் செல்லைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்' என்றால் செய்பவரும் செயலும் விளங்கும்.

திரையைச் சுவரில் மாட்டுவதிலும் இதே குறை உண்டு. 'உறுதியான சுவரில் பொருத்தப்பட வேண்டும்' என்ற செயப்பாட்டுவினை, பொருத்துபவர் யார் என்பதையும் உறுதி எவ்வாறு அறியப்படும் என்பதையும் கூறவில்லை. மெல்லிய தடுப்புகளால் ஆன வீட்டில் அலமாரியின் மேல் திரையை நிற்க வைப்பதே பலருக்கு இயலும். அவ்வீட்டிற்கு வேண்டியது, திரையை வாரால் பின்புறம் பிணைக்கவும், குழந்தை பற்றி ஏறினால் அது கவிழும் என்பதை உணர்த்தவும் வல்ல தொடர்.

6. சொல்லாக்கமும் சொல்வழக்கும்

ரிமோட்டைக் குறிக்கத் 'தொலையியக்கி', 'தொலைக்கட்டுப்பாட்டுக் கருவி', 'சேய்மை இயக்கி' எனப் பல ஆக்கங்கள் உள்ளன. இவற்றைப் புறக்கணிப்பதும் முறையன்று. 'தொலைக்காட்சி' என்பதே ஆக்கச் சொல்தான். இன்று அதனைச் செயற்கை என்பார் இல்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தொடங்கிய கலைச்சொல் முயற்சி முதலாகத் தமிழ் அறிவியல் மொழியாக வளர்ந்தது இத்தகைய ஆக்கங்களாலேயே. இலங்கையில் சுவிட்சிற்கு 'ஆளி' என்னும் சொல் பாடநூல் வழியே நிலைபெற்றது.

ஆனால் அச்சொற்களுக்குப் பள்ளியும் அரசும் துணைநின்றன. மும்பையில் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தினாலும், தமிழ் அங்கு ஆட்சிமொழியன்று. ஆக்கச் சொல்லைப் பரப்பும் வாயில்கள் சில. எச்சரிக்கைத் தொடர் புதுச்சொல் கற்பிக்கும் இடமும் அன்று. உறுப்புகளை விளக்கும் முதற்பக்கப் படத்தில் 'தொலையியக்கி (ரிமோட்)' என அறிமுகம் செய்யலாம். ஆபத்தைக் கூறும் தொடரில் 'ரிமோட்' என்றே எழுதுதல் நலம்.

வழக்குச் சொல்லும் எப்போதும் தெளிவானதன்று. 'செல்' மின்கலத்தையும் கைப்பேசியையும் குறிக்கும்; எனவே 'ரிமோட்டின் செல்' என அடைகொடுத்தல் வேண்டும். 'மின்னதிர்ச்சி' படித்தவர்க்கு விளங்கும். 'ஷாக் அடிக்கும்' அனைவர்க்கும் விளங்கும். தூய்மையா கலப்பா என்பதைவிட, சொல்லைக் கேட்டவர் கை எங்குச் செல்லும் என்பதே இங்கு அளவுகோல்.

7. முடிவுரை

2012ஆம் ஆண்டின் மின்னணுப் பொருள் கட்டாயப் பதிவு ஆணை, 32 அங்குலமும் அதற்கு மேலுமான தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளைப் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படுத்தியது. கருவிக்குச் சோதனைக்கூடம் உண்டு. அதன் தமிழுக்கு இல்லை. அதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை. ஒருவர் கையேட்டைப் படிக்க, அதனை முன்பு கண்டிராத மற்றொருவர் இயங்காத பெட்டியில் செய்துகாட்டும்போது அருகிலிருந்து நோக்கினாலே போதும். 'அணைக்கவும்' என்றதும் கை ரிமோட்டிற்குச் செல்கிறதா, சுவருக்குச் செல்கிறதா என்பது தெரிந்துவிடும். சுவருக்குச் செல்லவேண்டிய கை ரிமோட்டிற்குச் செல்லுமாயின் திருத்தப்பட வேண்டியது தொடரே. இச்சோதனையை மொழிபெயர்ப்பாளர் தம் பணியின் ஒரு பகுதியாக ஏற்பது இன்றியமையாதது.