அறைக்குள் இன்னொருவர்: 2020-இன் இண்டி ஃபோக் ஆல்பங்கள்

2020 ஜூலை 24 அன்று இரண்டு ஆல்பங்கள் வெளிவந்தன. ஒன்று டெய்லர் ஸ்விஃப்டின் ‘ஃபோக்லோர்’. வெளியாவதற்கு ஒரு நாள்கூட மீதமில்லாத நேரத்தில்தான் அதன் அறிவிப்பே வந்தது. உலகமே அன்று அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றொன்று ஷர்லி காலின்ஸின் ‘ஹார்ட்ஸ் ஈஸ்’. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த அந்தப் பாடகிக்கு அந்த மாதத் தொடக்கத்தில்தான் 85 வயது நிறைந்திருந்தது. முதல் ஆல்பம் அந்த ஆண்டில் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. இரண்டாவதைத் தேடிக் கேட்டவர்கள் மிகச் சிலர். ஆனாலும் இரண்டுக்கும் ‘ஃபோக்’ என்ற ஒரே பெயர்தான். அந்த ஆண்டின் நல்ல ஆல்பங்களைப் பற்றிப் பேச வேண்டுமானால், இந்த ஒரே பெயருக்குள் எத்தனை தூரம் அடங்கியிருக்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொரோனா ஊரடங்கு ஆண்டு அது. கச்சேரிகள் நின்றுபோயின. ஒரு கிதார், ஒரு குரல், ஒரு மைக் என்று வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடக்கூடிய இசை என்பதால் இண்டி ஃபோக்குக்கு அது வளமான ஆண்டாகவே அமைந்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: தனிமை. இந்த வகை இசைக்கு அந்தப் படிமம் ஏற்கெனவே பழகியதுதான். 2006-07 குளிர்காலத்தில் ஜஸ்டின் வெர்னன் விஸ்கான்சினில் தன் தந்தையின் வேட்டைக் குடிலுக்குப் போய், போன் ஈவேர் என்ற பெயரில் ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’வைப் பதிவுசெய்த கதை அதன் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். பனி, காடு, உடைந்த காதல், தனியே ஒரு மனிதன். அதே ஆல்பத்தின் ‘ஃபார் எம்மா’ பாடலில் வரும் டிரம்பெட்டையும் டிராம்போனையும் வேறு இருவர் வாசித்தார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

2020-இன் ஆல்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது எனக்கு உறுதிப்படுவது இதுதான்: அவற்றில் மிகச் சிறந்தவை எதுவும் தனிமையில் பிறக்கவில்லை. ஒவ்வொன்றிலும் பாடுபவருக்கு எதிரே யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சிலவற்றில் அவர் உயிரோடு இருப்பவர், சிலவற்றில் இறந்துபோனவர். ஒன்றில் இன்னும் பிறக்காதவர்.

என் பட்டியலில் முதலிடம் ஏட்ரியன் லெங்கரின் ‘சாங்ஸ்’ ஆல்பத்துக்கு. பிக் தீஃப் குழுவின் பாடகியான அவர் மார்ச் மாதம் ஐரோப்பியப் பயணத்தில் இருந்தார். பயணம் பாதியில் நின்றது. ஊர் திரும்பியவர் மேற்கு மாசசூசெட்ஸ் மலைப்பகுதியில் ஒற்றை அறை மரக்குடில் ஒன்றை எடுத்துக்கொண்டு தங்கினார். அந்த அறையின் ஒலி அவருக்குப் பிடித்துப்போகவே, ஒலிப்பொறியாளர் ஃபிலிப் வைன்ரோபை வரச் சொன்னார். வைன்ரோப் டேப் இயந்திரங்களையும் மைக்குகளையும் கொண்டுவந்து இறக்கினார். பதிவுசெய்ய என்று சில பாடல்களை லெங்கர் முன்பே எழுதி வைத்திருந்தார். காதல் முறிந்த துயரம் வேறு வழியில் இழுத்தது. ஆல்பத்தில் உள்ள 11 பாடல்களில் 9, பதிவு நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டவை.

கம்ப்யூட்டர் எதுவும் குறுக்கே வரவில்லை. பதிவு முதல் கலவை வரை எல்லாமே டேப்பில்தான் நடந்தன. டேப்பில் பதிவுசெய்தால் தவறான சுருதியை அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி கிடையாது. பாடியது பாடியதுதான். அதனால்தானோ என்னவோ, ‘சாங்ஸ்’ கேட்கும்போது பாடல் நம் கண்ணெதிரே முடிவெடுத்து முன்னே போவதுபோல் இருக்கிறது. லெங்கரின் வலதுகை விரல்கள் கிதார் கம்பிகளில் ஓயாமல் உருண்டுகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தின்மேல் குரல் சற்றே பிந்தி, சற்றே முந்தி நடக்கும். ‘எனிதிங்’ பாடலில் காதலின் அன்றாடச் சில்லறைக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து விழுகின்றன. எதையும் விளக்குவதில்லை. ‘இங்கிடார்’ பாடலில் ஒரு குதிரையின் உடல் மண்ணோடு மண்ணாகிறது. அதைப் பாடும் குரலில் அருவருப்பும் இல்லை, ஒப்பாரியும் இல்லை. இயற்கையின் கணக்கு அது என்ற ஏற்பு மட்டுமே.

மழையும் பறவைகளும் பதிவில் கேட்கின்றன. அவற்றைவிட முக்கியமாக அங்கே கேட்பது வைன்ரோபின் மௌனம் என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு நாளையும் கிதாரில் மனம்போனபடி எதையாவது வாசித்துத் தொடங்கி, அப்படியே வாசித்து முடிப்பது அவர்களின் வழக்கமாயிற்று. அந்த வாசிப்புகளிலிருந்து பிடித்த துண்டுகளை ஒட்டிச் சேர்த்ததுதான் ‘இன்ஸ்ட்ருமென்டல்ஸ்’ என்ற துணை ஆல்பத்தின் முதல் பக்கம். கேட்க ஓர் ஆள் இருந்ததால் பிறந்த இசை அது. இரண்டு ஆல்பங்களும் அக்டோபர் 23 அன்று ஃபோர் ஏடி நிறுவனத்தின் வழியாகச் சேர்ந்தே வந்தன. அட்டையில் இருப்பது லெங்கரின் பாட்டி வரைந்த நீர்வண்ண ஓவியம். அந்தக் குடிலைத் துறவியின் குகையாக்கி எழுதியவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் கணக்கில் எடுத்திருக்கலாம்.

ஷர்லி காலின்ஸிடம் வருவோம். 1959-இல், 24 வயதுப் பெண்ணாக, நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸுடன் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பாடல் தேடி அலைந்தவர் அவர். மிசிசிப்பியில் ஃப்ரெட் மெக்டவெல் என்ற புளூஸ் கலைஞரை உலகுக்கு முதன்முதலில் ஒலிப்பதிவில் தந்தது அந்தப் பயணம்தான். பிறகு அக்கா டாலியோடு சேர்ந்து ஆங்கில நாட்டார் இசையின் போக்கையே மாற்றிய ஆல்பங்களைத் தந்தார். எழுபதுகளின் இறுதியில் மணமுறிவின் அதிர்ச்சியில் அவர் குரல் போயிற்று. மேடையில் வாய் திறந்தால் பாட்டு வரவில்லை. 38 ஆண்டுகள் ஆல்பம் எதுவும் இல்லை. 2016-இல் ‘லோட்ஸ்டார்’ ஆல்பத்தோடு அவர் திரும்பியபோது, தயங்கித் தயங்கி வீட்டிலேயே வைத்துத்தான் பதிவுசெய்தார்கள். ‘ஹார்ட்ஸ் ஈஸ்’ பதிவானதோ பிரைட்டனில் ஒரு முறையான ஸ்டுடியோவில். தன் குரல்மேல் அவருக்குத் திரும்பி வந்துவிட்ட நம்பிக்கை அதில் தெரிகிறது.

அந்தக் குரலில் இப்போது இனிமை குறைவு. தாழ்ந்து, உலர்ந்து, நேராக நிற்கிறது. பாட்டுக்கு நடுவே தன்னை நுழைப்பதில்லை என்பது காலின்ஸின் வாழ்நாள் கொள்கை. கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். உணர்ச்சி வேண்டுமானால் கேட்பவர் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆல்பத்தில் அவரோடு யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள்: முதல் கணவர் எழுதிய பாட்டு வரிகள், அக்கா டாலியின் மகன் எழுதிய ஒரு பாட்டு, 1959-இல் தெற்கே கேட்டுத் தன்னோடு கொண்டுவந்த பாட்டுகள். கடைசியில் வரும் ‘குரோலிங்க்’ சசெக்ஸ் கடற்கரை இடமொன்றின் பெயர். பதிவுசெய்த கடலோசைக்கும் நீண்ட ஒற்றைச் சுருதி முழக்கத்துக்கும் நடுவே அந்த மூத்த குரல் வந்து போகிறது. நாட்டார் பாடலை அருங்காட்சியகப் பொருளாகப் பார்ப்பவர்கள் இந்த ஒரு பாட்டைக் கேட்டாலே போதும். 2020-இல் வந்த எந்த இளைஞரின் ஆல்பத்தையும்விட இதில் துணிச்சல் அதிகம்.

நாஷ்வில் நகரத்துக் கதை வேறு மாதிரி. மார்ச் 3 அதிகாலையில் அங்கே சுழற்காற்று வீசியது. கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இணையரின் உட்லேண்ட் ஸ்டுடியோவின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. மழை உள்ளே கொட்ட, இருவரும் இரவோடு இரவாகத் தங்கள் மூல டேப்புகளையும் கிதார்களையும் காப்பாற்றிச் சேர்த்தார்கள். அடுத்த சில நாட்களில் ஊரடங்கு. ஸ்டுடியோ போய்விட்டது, வீடு மட்டுமே மிச்சம். அந்த வீட்டில், ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, தங்களுக்குப் பிடித்த பிறர் பாடல்களை இருவரும் பாடிப் பதிந்ததுதான் ‘ஆல் த குட் டைம்ஸ்’. ஜூலையில் வந்தது. 10 பாடல்கள். பாப் டிலன் எழுதியவை இரண்டு, மற்றவற்றில் பழைய மரபுப் பாடல்களும் உண்டு. கால் நூற்றாண்டு சேர்ந்தே பாடி வந்தவர்கள், இருவர் பெயரையும் அட்டையில் போட்ட முதல் ஆல்பமும் இதுதான்.

அதில் ஜான் பிரைன் எழுதிய ‘ஹலோ இன் தேர்’ இருக்கிறது. முதுமையில் யாரும் பேச்சுக்கொடுக்காமல் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய அந்தப் பாட்டை பிரைன் இருபதுகளின் இளைஞராக இருந்தபோது எழுதினார். ஏப்ரல் 7 அன்று, அதே நாஷ்வில் நகரில், கொரோனா அவரைக் கொண்டுபோனது. வயது 73. மூத்தவர்கள் மருத்துவமனைக் கண்ணாடிக்கு அப்பால் தனித்துக் கிடந்த மாதங்களில் வெல்ச்சின் குரலில் இந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது. சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி விருது அடுத்த ஆண்டு இதற்குக் கிடைத்தது. விருதுகள் சில சமயம் சரியாகவும் அமைகின்றன.

அதே பிரைன் ஃப்ளீட் ஃபாக்ஸஸின் ‘ஷோர்’ ஆல்பத்திலும் வருகிறார். ‘சன்பிளைண்ட்’ பாடலில் ராபின் பெக்னோல்ட் இறந்துபோன இசைக்கலைஞர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறார்: ரிச்சர்ட் ஸ்விஃப்ட், பில் விதர்ஸ், ஜூடி சில், எலியட் ஸ்மித், டேவிட் பெர்மன் என்று. அஞ்சலிப் பாட்டு என்றால் மெதுவாகத்தான் நடக்க வேண்டுமா? இது துள்ளிக்கொண்டு ஓடுகிறது. அவர்களுக்குப் பட்ட கடனைக் கொண்டாட்டமாகவே தீர்க்கிறார் பெக்னோல்ட். செப்டம்பர் 22 அன்று, இரவும் பகலும் சமமாகும் அந்தத் துல்லியமான நிமிடத்தில் ஆல்பத்தை வெளியிட்டார். முன்னதாக இசை தயாராகிவிட்டது, வரிகள்தான் வரவில்லை. ஊரடங்குக் கோடையில் காரை எடுத்துக்கொண்டு நியூயார்க் மாநிலத்தின் மலைச்சாலைகளில் மணிக்கணக்காக ஓட்டியபோது வரிகள் வந்தன.

குழுவின் மற்ற உறுப்பினர்கள் இதில் வாசிக்கவில்லை. ஏறக்குறைய பெக்னோல்டின் தனி ஆல்பம் என்றே சொல்லலாம். ஆனால் ஆல்பத்தைத் திறந்ததும் கேட்பது அவர் குரல் இல்லை. நைஜீரியாவில் பிறந்து, அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த உவாடே என்ற இளம்பெண்ணின் குரல். ஃப்ளீட் ஃபாக்ஸஸின் பழைய பாட்டொன்றை அவர் பாடி இன்ஸ்டாகிராமில் போட்டிருந்ததைக் கேட்டுவிட்டுத்தான் பெக்னோல்ட் அவரை அழைத்தார். தன் ஆல்பத்தின் முதல் பாட்டை முன்பின் பெயர் கேள்விப்படாத ஒருவரிடம் முழுதாகக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்பதற்குப் பெரிய மனம் வேண்டும். 2017-இல் வந்த ‘கிராக்-அப்’ அறிவால் இறுகிப்போன ஆல்பம். ‘ஷோர்’ மூச்சுவிடுகிறது. 15 பாடல்கள் சற்று அதிகம்தான், பிற்பகுதியில் இரண்டைக் குறைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

லாரா மார்லிங் ‘சாங் ஃபார் அவர் டாட்டர்’ ஆல்பத்தை அந்த ஆண்டின் பிற்பகுதியில் வெளியிடுவதாக இருந்தார். மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும்போது அதைத் தள்ளிவைப்பதில் அர்த்தமில்லை என்று ஏப்ரலிலேயே தந்துவிட்டார். தனக்கு இல்லாத ஒரு மகளை நினைத்துக்கொண்டு பாடிய பாடல்கள் அவை. மாயா ஏஞ்சலோ எழுதிய, மகளுக்கான கடித நூலின் தூண்டுதல் அதில் உண்டு. புத்திமதி தொனி கொஞ்சமும் கிடையாது. வாக்ஸஹாச்சீ என்ற பெயரில் பாடும் கேட்டி கிரட்ச்ஃபீல்டின் ‘செயின்ட் கிளவுட்’, குடியை விட்டு வெளியே வந்த பெண்ணின் தெளிந்த கண்ணோட்டம். மின் கிதார் இரைச்சலை உதறிவிட்டு, அலபாமாவில் தான் வளர்ந்த நாட்டுப்புறச் சாயலுக்கே அவர் திரும்பியதும் இந்த ஆல்பத்தில்தான். பில் கலஹனின் ‘கோல்ட் ரெக்கார்ட்’ வாரம் ஒரு பாட்டாக வெளிவந்தது. கரகரத்த குரலில் அவர் சொல்லும் குட்டிக் கதைகளுக்கு அப்படிக் காத்திருந்து கேட்பதே பொருத்தம்.

‘ஃபோக்லோர்’ பற்றி ஒன்றும் சொல்லாமல் விட முடியாது. மூன்று பதின்வயதினரின் காதல் சிக்கலை மூவர் பார்வையிலும் தனித்தனியே பாடியது, தான் வாங்கிய வீட்டில் முன்பு வாழ்ந்த ரெபெக்கா ஹார்க்னஸின் வாழ்க்கையைப் பாட்டாக்கியது இரண்டும் தேர்ந்த கதைசொல்லியின் வேலை. ஆரன் டெஸ்னர் இசைத்துண்டுகளை அனுப்ப, ஸ்விஃப்ட் அதன்மேல் பாடி அனுப்ப, தொலைவிலிருந்தே கட்டப்பட்ட ஆல்பம் அது. பாடல்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் பாடகியும் பியானோவும் ஒரே காற்றைச் சுவாசிக்கவில்லை என்பதை என் காது ஒவ்வொரு முறையும் சொல்கிறது. லெங்கருக்குப் பிறகு அதைக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

அந்த ஆண்டின் பட்டியல்கள் பலவற்றில் இடம் கிடைக்காத ஆல்பம் ஒன்று எனக்கு ஆற்றாமை தருகிறது. மே மாதம் வந்த ஜேக் பிளவுண்டின் ‘ஸ்பைடர் டேல்ஸ்’. பாஞ்சோவும் ஃபிடிலும் வாசிக்கும் கறுப்பினக் கலைஞர் அவர். மேற்கு ஆப்பிரிக்கக் கதைகளில் வரும் அனான்சி என்ற சிலந்தியின் நினைவில் வைத்த தலைப்பு. பலத்தால் வெல்ல முடியாதவர்களைத் தந்திரத்தால் வெல்லும் சிலந்தி அது. பாஞ்சோவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு அமெரிக்காவுக்கு வந்த வாத்தியம். பிற்காலத்தில் அது வெள்ளை மலைவாசிகளின் அடையாளமாக மாறியது. மாறியபோது, வாசித்த கறுப்பின, பூர்வகுடிக் கலைஞர்களின் பெயர்கள் உதிர்ந்துபோயின. அந்தக் கலைஞர்களின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் படித்து, அவர்களின் பாடல்களைத் தன் குழுவோடு மீட்டு வாசிக்கிறார் பிளவுண்ட்.

‘வேர் டிட் யூ ஸ்லீப் லாஸ்ட் நைட்’ என்ற பாட்டை நம்மில் பலர் நிர்வாணா குழுவின் வழியாக அறிவோம். அவர்களுக்கு அது லெட் பெல்லி வழியாக வந்தது. பிளவுண்டின் ஆல்பத்தில் அது அலறலாக வரவில்லை. ஃபிடில் கீழ்ச்சுருதியில் அரற்ற, கேள்வி கேட்பவரின் கோபமும் கேட்கப்படுபவரின் அச்சமும் ஒரே குரலில் நிற்கின்றன. ஃபோக் இசை தன் வேர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கலை. அந்த வேர்கள் யாருடையவை என்று 2020-இல் நேராகக் கேட்ட ஆல்பம் இது. மின்னியபோலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்ட அதே வாரத்தில் வெளிவந்தது. புதிதாக இந்த இசைக்குள் வருபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். இதைக் கேட்டுவிட்டு ஷர்லி காலின்ஸிடம் போனால், 1959-இல் அவரும் லோமாக்ஸும் தெற்கே எந்த மனிதர்களின் வாசல்களில் போய் நின்றார்கள் என்பதும் விளங்கும்.